முதல் தரக் கை

நஞ்சப்பண்ணனின் வண்டி அதே கோளாறோடு மூன்றாவது முறை என் பட்டறை வாசலில் வந்து நின்றபோது எனக்கு வண்டி மேல் கோபம் வரவில்லை. அது பேசிய தமிழ் மேல்தான் வந்தது.

"வணக்கம். கேம் சென்சர் கோளாறு மீண்டும் பதிவாகியுள்ளது. இப்பழுதை இதே நபர் ஏற்கெனவே இரண்டு முறை சரிசெய்துள்ளார். தங்கள் பாதுகாப்பு கருதி வேறொருவரை அணுகப் பரிந்துரைக்கிறோம்."

இப்பழுதாம். நபராம். பத்தொன்பது வருடமாகக் கணபதியில் பட்டறை வைத்திருக்கிறேன், தமயந்தி என்று கேட்டால் சத்தி ரோட்டில் பெட்டிக்கடைக்காரர்கூட வழி சொல்வார். இந்தப் பெட்டிக்கு நான் நபர். உள்ளே கையை விட்டு நாக்கைப் பிடுங்க முடிந்தால் அன்றைக்கே பிடுங்கியிருப்பேன்.

பெட்டி வந்து ஆறு வருடம் ஆகிறது. மின்சார வண்டி வாங்க வக்கில்லாதவர்கள் பழைய பெட்ரோல் வண்டியையே ஓட்டிக்கொள்ளலாம், ஆனால் நோய் சொல்லும் பெட்டி ஒன்றைப் பொருத்தியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. இன்ஜினில் எங்கே என்ன கெட்டுப் போயிருக்கிறது என்று அது சொல்லும். அது சொன்னால் சொன்னதுதான், எதிர்த்துப் பேச ஆளில்லை. அதனால் பட்டறைக்காரர்கள் அதற்குப் பெரியமனுசன் என்று பெயர் வைத்தோம். எங்களுக்கும் ஆளுக்கொரு கைச்சாவி கொடுத்தார்கள், தீப்பெட்டி அளவு. அதை வைத்தால்தான் பானெட் திறக்கும். வேலை முடிந்ததும் அதை வைத்துத்தான் மூட வேண்டும். எந்த வண்டியை எந்தக் கை தொட்டது என்பது அப்படிப் பதிவாகும். கைகளுக்குத் தரமும் உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருப்பவர்கள் முதல் தரம், என்னைப் போல ரோட்டோரம் இருப்பவர்கள் மூன்றாம் தரம்.

ஒரே வண்டியில், ஒரே கையில், ஒரே கோளாறு ஒரு வருடத்துக்குள் நான்கு முறை பதிவானால் அந்தச் சாவி செத்துவிடும். பிறகு எந்த வண்டியின் பானெட்டும் எனக்குத் திறக்காது. எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். இப்போது பதிவானது மூன்றாவது.

நஞ்சப்பண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதர், கால் டாக்ஸி ஓட்டுகிறார். வாரத்தில் ஆறு நாள் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து டயாலிசிஸ் ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவார். கோளாறு பதிவாகிவிட்டால் பெட்டி வேகத்தை நாற்பதுக்கு மேல் விடாது. மேட்டுப்பாளையம் ரோட்டில் பின்னால் அத்தனை பேரும் ஹாரன் அடிக்க, பின் சீட்டில் நோயாளி முனக, அவர் ஊர்ந்துகொண்டு போயிருக்கிறார். கோபப்பட அவருக்கும் காரணம் இருந்தது. ஆனால் அவர் கோபப்படவில்லை, தயங்கினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கொண்ணும் இல்லீங் அம்மிணி," என்றார். "வூட்டுலதான் பேசிக்கறாங்க. உங்க கைராசி செரியில்லியோன்னு."

என் அப்பா தொட்ட குடத்தை அவர் கண்ணெதிரே கழுவி எடுத்துப் போன வீடுகள் இருந்த ஊரில் பிறந்தவள் நான். அந்த ஊரை விட்டு வந்து, கையில் கிரீஸ் அப்பிக்கொண்டு, இந்தக் கையால்தான் ஒரு பெயர் சம்பாதித்தேன். பதினோரு வருடமாக இந்த மனிதர் என் பட்டறையில் டீ குடிக்கிறார். இப்போது ஒரு பெட்டி சொன்னதும் இவருக்கும் கைதான் கண்ணில் படுகிறது.

"கைராசி பாக்கறதுக்கு நானென்ன காட்டுல வெதையா போடறனுங்?" என்றேன். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. வண்டிய வுட்டுட்டுப் போங்க. ஒரு நாள் குடுங்க. அப்புறம் எங்க வேணும்னாலும் ஓட்டிட்டுப் போங்க."

அவர் சாவியை மேஜையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

*

தப்பு என்னிடமும் இருந்தது. அதை மறைத்தால் எனக்கும் பெட்டிக்கும் வித்தியாசமில்லை.

கேம் சென்சர் என்பது கட்டைவிரல் அளவுப் பொருள். இன்ஜினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு எந்த நிலையில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. பெட்டி வருவதற்கு முன்பு இந்தக் கோளாறு வந்தால் நாங்கள் முதலில் ஒயரைத் தடவிப் பார்ப்போம். பிளக்கில் ஆயில் ஏறியிருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பார்ப்போம். கடைசியில்தான் சென்சரில் கை வைப்போம். பெட்டி வந்த பிறகு அதெல்லாம் போயிற்று. பெட்டி பதிகிற கோளாறு எண்ணைக் கோடு என்போம்; அது எதைச் சொல்கிறதோ அதைக் கழற்றி எறி, புதிதாக மாட்டு. கோயம்புத்தூர் முழுக்க எல்லாப் பட்டறையிலும் இதே பழக்கம்தான். நானும் முதல் தடவை சென்சரை மாற்றினேன். இரண்டாம் தடவை சென்சரையும் ஒயரையும் மாற்றினேன். ஒருமுறைகூடக் கழற்றிய சென்சர் உண்மையிலேயே கெட்டதுதானா என்று பார்க்கவில்லை. அவ்வளவு சோம்பேறியாக ஆகியிருந்தேன்.

ஆனால் இன்னொரு பழக்கம் எங்களிடம் மிச்சமிருந்தது. மாற்றாமலே மாற்றியதாகச் சொல்கிற ஆட்கள் இருக்கிற தொழில் இது. அதனால் கழற்றிய பாகத்தைத் துடைத்து, ஒரு கவரில் போட்டு, வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவோம். பழையதைக் கண்ணால் பார்த்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை. நஞ்சப்பண்ணன் எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. டேஷ்போர்டைத் திறந்தபோது இரண்டு கவர்களும் திருநீற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை அவற்றை மேஜையில் வைத்து பேட்டரி கொடுத்தேன். சென்சரின் மூக்குக்கு முன்னால் ஸ்பேனர் நுனியை ஆட்டினால், நல்லதாக இருந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மீட்டரில் துள்ளிக் காட்டும். முதலாவது துள்ளியது. இரண்டாவதும் துள்ளியது. நல்ல பாகங்களைக் கழற்றி அவர் கையில் குப்பையாகக் கொடுத்திருக்கிறேன். நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

பிறகு வால்வ் கவரைக் கழற்றி டைமிங் செயினைப் பார்த்தேன். இன்ஜினின் கீழ்த் தண்டையும் மேல் தண்டையும் சேர்த்துச் சுற்ற வைக்கிற சங்கிலி அது. இறுக்கமாக, பல் தேயாமல் இருந்தது. கவரை மூடி, சென்சர் அனுப்புவதைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்கோப்பை மாட்டி இன்ஜினை ஓடவிட்டேன். திரையில் மேல் தண்டுக்கு ஒரு அலை, கீழ்த் தண்டுக்கு ஒரு அலை, இரண்டும் ஒன்றையொன்று பிசகாமல் ஓடின. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டி வாயைத் திறந்தது.

"கேம் சென்சரிலிருந்து தகவல் வரவில்லை."

கண்ணுக்கு முன்னால் தகவல் வந்துகொண்டிருக்கிறது. அதே நொடியில் வரவில்லை என்கிறது. வேலையை நான் இன்னும் சாவி வைத்து மூடாததால் அது நான்காவதாகச் சேரவில்லை, அதுவரை தப்பித்தேன். உடனே யாகூபுக்குப் போன் செய்தேன்.

யாகூப் என்னிடம் ஏழு வருடம் வேலை செய்தவன். இப்போது கம்பெனி சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர், முதல் தரக் கை. அவனுடைய சாவியை வெளிப் பட்டறையில் பயன்படுத்தினால் வேலை போய்விடும். அதைச் சொல்லித் தயங்கினான். நான் திட்டினேன். மதியம் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தான். அதே நேரத்துக்கு நஞ்சப்பண்ணனும் வண்டி ஆயிற்றா என்று பார்க்க வந்திருந்தார்.

வண்டியில் எதையும் தொடவேண்டாம், உன் சாவியை வைத்துத் திறந்து மூடு, அது போதும் என்றேன். யாகூப் அப்படியே செய்தான்.

"அனைத்தும் நலம். பயணத்துக்குத் தயார்," என்றது பெட்டி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுபடி அவனைத் திறக்கச் சொல்லி, சென்சரின் பிளக்கைப் பிடுங்கினேன். அனைத்தும் நலம். சென்சரையே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்தேன். யாகூப் சாவி வைத்து மூடினான். அனைத்தும் நலம். கேம் சென்சர் இல்லாவிட்டாலும் இன்ஜின் கீழ்த் தண்டை வைத்து ஒப்பேற்றிக்கொண்டு ஓடும், ஸ்டார்ட் ஆகத்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சரவணம்பட்டி வரை போய்த் திரும்பினோம். சென்சர் என் பையில் இருந்தது. பெட்டி கடைசி வரை நலம் என்றே சொல்லிக்கொண்டு வந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் யாகூப் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு ஏதோ தெரியும் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன்.

"அது வண்டியப் பாக்கறதில்லக்கா," என்றான். "கையப் பாக்குது. மொதல்ல ரெண்டையும் பாத்துட்டுத்தான் இருந்துச்சு. எந்தக் கை தொட்டா எத்தன நாள்ல எந்தக் கோளாறு திரும்புதுன்னு லட்சக்கணக்குல பதிவு இருக்குது. அத வெச்சு முன்கூட்டியே சொன்னா நூத்துக்குத் தொண்ணூறு செரியா வந்துச்சு. அப்புறம் எதுக்குச் சென்சர வேற படிக்கணும்னு அத நிறுத்திட்டாங்க. ஒவ்வொரு வண்டியையும் நொடிக்கு நொடி படிக்கறது பெரிய வேலை."

"அப்ப எனக்கு வந்த கோடு?"

"மூணாந்தரக் கை கேம் சென்சர மாத்துனா திரும்ப வரும்னு அதுக்குத் தெரியும். அதனால வந்துருச்சுன்னு சொல்லுது. அது சொன்னதும் உங்க பேர்ல ஒண்ணு ஏறுது. ஏறுனதும் அடுத்தது இன்னும் நிச்சயமாயிருது. பொய்யின்னு சொல்ல முடியாதுக்கா. மூணாந்தரக் கைங்க நெறைய பேருகிட்ட அப்படித்தான் நடந்துருக்குது. ஆனா அது உங்களப் பத்தி இல்ல."

நஞ்சப்பண்ணன் இதையெல்லாம் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். புரிந்ததா என்று கேட்டேன். கைராசி பாக்கறதுக்குப் பொட்டி வெச்சுருக்காங்க, அவ்வளவுதானுங்களே என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

யாகூப் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னான். அவனே மூடிக் கொடுத்துவிடுகிறான், கோடு வராது, என் சாவியும் பிழைக்கும் என்றான். இனிமேல் சிக்கலான வண்டி எது வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து மூடித் தருகிறேன் என்றும் சொன்னான். நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்குக் குடம் கழுவுகிற சத்தம் கேட்டது.

சென்சரைத் திரும்ப மாட்டினேன். ஒயர், பிளக், எர்த், ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஸ்கோப்பில் அலைகளை நஞ்சப்பண்ணனுக்குக் காட்டினேன். பிறகு என் சாவியை வைத்து நானே பானெட்டை மூடினேன். யாகூப் வேண்டாம் என்று கையைப் பிடித்தான், உதறிவிட்டேன். இருபத்திரண்டு நிமிடம் இன்ஜின் ஓடியது.

"கேம் சென்சர் கோளாறு நான்காம் முறையாகப் பதிவாகியுள்ளது. இந்நபரின் அனுமதி முடிவுக்கு வருகிறது."

என் கையில் இருந்த சாவி சிவந்து, அணைந்தது.

*

சாவிகளைக் கொடுப்பதும் பறிப்பதும் இயந்திரக் கைப்பதிவகம். அதன் விசாரணை அதிகாரி பெயர் ஹேமலதா. கண்ணாடி போட்ட, குரலை உயர்த்தாத பெண். சாவி செத்தவர்கள் மேல்முறையீடு செய்யலாம் என்று விதி இருந்தது, அதைப் பயன்படுத்தி ஜெயித்தவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் பகுதியில் மட்டும் அந்த வருடம் இருபத்தாறு பேர் சாவி இழந்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறார்கள், ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார்.

வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு மேலே போனோம். நஞ்சப்பண்ணன் வேலைக்குப் போகாமல் சாட்சிக்கு வந்திருந்தார். யாகூபும் வந்தான், அதை நான் எதிர்பார்க்கவில்லை. அதிகாரி பதிவுகளைப் படித்துக் காட்டி, நான்கு முறை வந்திருக்கிறதே, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் ஒரு கவரை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன்.

"இது என்ன?"

"கீழ நிக்கற வண்டியோட கேம் சென்சருங் மேடம். காலைல முதல் தரக் கை ஒண்ணு கழட்டி, மூடிக் குடுத்துச்சு. வண்டி இங்க வரைக்கும் நல்லாருக்கேன்னு சொல்லிட்டே வந்துச்சுங்க. வந்து கேட்டுப் பாருங்க."

அவர் வந்தார். கேட்டார். பெட்டி அனைத்தும் நலம் என்றது. கேம் சென்சர் எப்படி இருக்கிறது என்று குறிப்பாகக் கேட்டார். சிறப்பாக இயங்குகிறது என்றது. கவர் அவர் கையில்தான் இருந்தது. வெயிலில் நின்று கவரைப் பிரித்து உள்ளே பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"இது வேற யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து என்னையும் யாகூபையும் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் எனக்குப் புதுச் சாவி ஒன்று இருந்தது, முதல் தரம். பக்கத்தில் ஒரு காகிதம். குறை தீர்க்கப்பட்டது, இது பற்றி இனி எந்த இடத்திலும் புகாரோ சாட்சியோ சொல்லமாட்டேன் என்று எழுதியிருந்தது. யாகூப் அவனுக்கு வைத்த காகிதத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான், அவனுக்குக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வேலை இருக்கிறது. நஞ்சப்பண்ணனை யாரும் கூப்பிடவில்லை. வண்டி ஓட்டுகிறவரின் கையெழுத்து யாருக்கு வேண்டும்?

நான் போட்டேன். அந்த இருபத்தாறு பேரை நினைத்துக்கொண்டே போட்டேன். இப்போது எழுதும்போதும் அந்தக் கையெழுத்தின் மேல் வருகிற கோபம் பெட்டி மேல் வரும் கோபத்தைவிட அதிகம். நஞ்சப்பண்ணனிடம் ஜெயித்துவிட்டோம் என்று மட்டும் சொன்னேன். அவர் அன்னபூரணியம்மன் கோயிலில் எனக்காகத் தேங்காய் உடைத்தார்.

*

முதல் தரக் கை என்பது எவ்வளவு சுகம் என்று அதை வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் தொட்ட எந்த வண்டியிலும் கோளாறு திரும்பவில்லை. போர்டுக்காரரிடம் சொல்லி "இங்கே பார்த்தால் திரும்ப வராது" என்று பெரிதாக எழுதி மாட்டினேன். சர்வீஸ் சென்டர் ஆட்கள்கூட என்னிடம் வந்தார்கள். ஒருமுறை வந்த வண்டி திரும்ப வராததை என் திறமை என்று நினைத்துக்கொண்டேன். பெட்டி கையைத்தான் பார்க்கிறது என்று தெரிந்தவள், தெரிந்தே மயங்கினேன். புகழ்ச்சி என்று வந்துவிட்டால் கேட்கிற காது தானாகவே மந்தமாகிவிடுகிறது.

எட்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நஞ்சப்பண்ணன் வந்தார். வைப்பர் ரப்பர் மாற்ற வேண்டும், மறுநாள் வால்பாறைக்குப் போகிறேன் என்றார். மகள் அங்கே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேரப் போகிறாள், அவளையும் அவளுடைய இரட்டைக் குழந்தைகளையும் கொண்டுபோய் விட வேண்டும், வீட்டுக்காரம்மாவும் வருகிறார். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு, மழை வேறு, அதனால்தான் வைப்பர்.

ரப்பரை மாற்றினேன். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். முதல் இரண்டு நொடி இன்ஜினுக்குள் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டு அடங்கியது. அவருக்கு அது கேட்கவில்லை, நான் கையைக் காட்டி இன்ஜினை அணைக்கச் சொன்னேன்.

கடைசியாக ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கதான மாத்துனீங்க அம்மிணி, அந்தப் புதுச் சாவி வந்த கையோட. அப்புறம் வண்டி கேக்கவேயில்லீங்களே. கேட்டா வந்துருக்க மாட்டனுங்களா?"

அவர் ஓட்டுகிற ஓட்டத்துக்கு எட்டு மாதத்தில் நான்கு முறை மாற்றியிருக்க வேண்டும். குச்சியை இழுத்துப் பார்த்தேன், ஆயில் தார் மாதிரி வந்தது. கடைசியாக மாற்றியது முதல் தரக் கை, அந்தக் கை மாற்றிய ஆயில் கெடாது என்பது பெட்டியின் கணிப்பு. வண்டியை இங்கேயே விட்டுவிட்டுக் காலையில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை விடிந்ததும் வால்வ் கவரைக் கழற்றினேன். அன்றைக்கு இறுக்கமாக இருந்த டைமிங் செயின் இன்று இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்க வந்தது. அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் முழுதாக வெளியே தள்ளி நின்றது, அதற்கு மேல் தள்ள இடமில்லை. இந்தச் செயின் ஏற்றத்தில் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜின் அந்த இடத்திலேயே நிற்கும். இன்ஜின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனத்துவிடும். இருபது வளைவு ஏறிய பிறகு அப்படி நின்றால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எட்டு மணிக்கு நஞ்சப்பண்ணன் வந்தார். நெற்றியில் திருநீறு, புதுச் சட்டை. செயினைத் தூக்கிக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். புதுச் செயின் சென்னையிலிருந்து வர மூன்று நாள் ஆகும், இன்றைக்குப் பயணம் வேண்டாம் என்றேன். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். சைக்கிள் செயின்கூடக் கொஞ்சம் தொங்கத்தானே செய்யும் என்றார். நான் மறுபடி விளக்கினேன். அவர் டிரைவர் பக்கம் போய் ஜன்னல் வழியாகப் பெட்டியிடமே கேட்டார்.

"டைமிங் செயின் நல்ல நிலையில் உள்ளது," என்றது அது. "இவ்வாகனம் முதல் தர நபரின் பராமரிப்பில் உள்ளது. மாற்றம் தேவையில்லை."

அந்த முதல் தர நபர் இங்கேதான் நிற்கிறாள். செயினைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கெட்டுவிட்டது என்று கத்துகிறாள். அவள் பெயரைச் சொல்லியே அவள் வாயை அடைக்கிறது. அன்றைக்கு நான் சரியாகச் செய்ததைக் கெட்டது என்றபோது வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை.

நஞ்சப்பண்ணன் திரும்பி வந்து நிதானமாகப் பேசினார். "அன்னைக்கு அது உங்களக் கெட்டதாச் சொல்லுச்சு, பொய்யின்னீங்க. நம்புனனுங். இன்னைக்கு நல்லதாச் சொல்லுது, அதும் பொய்யிங்கறீங்க. எதத்தானுங் நான் நம்பறது?"

"பொட்டிய வுடுங்ணா. என்னையும் வுடுங்க. செயினப் பாருங்க."

"எனக்கு அது பாத்தாப் புரியறதில்லீங் அம்மிணி. புள்ள திங்கக்கெழம வேலைக்குச் சேரோணும். கவர மூடிக் குடுங்க, மெதுவாப் போயிக்கறனுங். வந்து மாத்திக்கலாம்."

நான் மூடித் தரமாட்டேன் என்று சொன்னால் சத்தி ரோட்டிலேயே வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு வருவார். அவன் பெட்டியிடம் கேட்பான், பெட்டி நலம் என்னும், பத்து நிமிடத்தில் பூட்டிக் கொடுத்துவிடுவான். பானெட்டுக்குள் அந்தச் செயின் இருக்கிற வரைக்கும் இந்த வண்டி இன்றைக்கு மலை ஏறும்.

சுவரில் மாட்டியிருந்த கட்டரை எடுத்தேன். நஞ்சப்பண்ணனுக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்று புரிவதற்குள் செயினை அதன் வாயில் கொடுத்து அழுத்தினேன். ஒரே வெட்டு. இரண்டு முனையும் பல் சக்கரத்தை விட்டு நழுவின. ஒரு முனையைப் பிடித்து முழுச் செயினையும் வெளியே உருவினேன்.

"என்னம்மிணி பண்ணிட்டீங்க," என்றார்.

செயினைக் கழிவுப் பஞ்சில் நன்றாகத் துடைத்தேன். ஒரு கவரில் போட்டு, வழக்கம்போல அவர் கையில் கொடுத்தேன். பிறகு வால்வ் கவரை வைத்து, பானெட்டை இறக்கி, என் முதல் தரச் சாவியை வைத்து மூடினேன்.

"பணி நிறைவுற்றது. டைமிங் செயின் நல்ல நிலையில் உள்ளது. வால்பாறைக்கு மூன்று மணி நேரம் ஐந்து நிமிடம். பயணத்துக்குத் தயார்."

நஞ்சப்பண்ணன் கவரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மெதுவாக ஜன்னலுக்குப் போய், காது மந்தமான குழந்தையிடம் கேட்பது போல, செயின் வண்டிக்குள்ளே இருக்கிறதா என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். சிறப்பாக இயங்குகிறது என்றது. இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை சொன்னது. அவர் கவரைக் கையில் பிடித்தபடி பட்டறை ஓரத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். மகளுக்குப் போன் செய்து, பஸ்ஸில் போகலாம், தயாராக இரு என்றார். மகள் ஏதோ கேட்டிருக்க வேண்டும், வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இந்த மாதிரி எத்தன வண்டிங் ஓடிட்டிருக்கும்?"

முதல் தரக் கை தொட்ட எல்லா வண்டியும் என்றேன். என் கையே இந்த எட்டு மாதத்தில் முந்நூறு வண்டியைத் தொட்டிருந்தது.

"அன்னைக்குப் போனமே, அந்த ஆபீசு. திங்கக்கெழம போலாமுங்களா?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். புதுச் சாவிக்காக வாயைக் கட்டி எழுதிக் கொடுத்துவிட்டேன், யாகூபும் கொடுத்துவிட்டான், இனி நாங்கள் இருவரும் அந்த மேஜைக்கு முன்னால் நின்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்றேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டார். டேஷ்போர்டைத் திறந்து, பழைய சென்சர் கவர் இரண்டையும் எடுத்து, செயின் கவரோடு சேர்த்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். பை ஒரு பக்கமாக இழுத்துத் தொங்கியது.

"எங்கிட்ட யாரும் கையெழுத்துக் கேக்கலீங்களே அம்மிணி," என்றார்.